பூண்டி ஏரிக்கரையில் ஒரு ஞாயிறு

விடுமுறை நாள் வந்துவிட்டால் சென்னை மாநகரத்தார் கிழக்கு நோக்கிக் கடற்கரைக்குச் செல்வார்கள். மேற்கே பூந்தமல்லி, ஆவடி, அம்பத்தூர், திருமழிசைப் பக்கங்களில் வாழும் நம்மைப் போன்றோர்க்கோ கடல் எட்டாத் தொலைவு. இரண்டு பேருந்து மாறி மணலில் கால் வைப்பதற்குள் பிள்ளைகளுக்குப் பசி வந்துவிடும். ஆகவே நம் பகுதிக் குடும்பங்கள் கட்டுச்சோற்றுடன் மேற்கு நோக்கியே புறப்படுகின்றன. அவை சென்றடையும் இடங்களுள் முதன்மையானது, கொசத்தலையாற்றின் குறுக்கே அமைந்துள்ள பூண்டி நீர்த்தேக்கம்.

அண்மையில், மழைக்காலம் ஓய்ந்த ஒரு ஞாயிறன்று காலைத் திருப்பலி முடிந்ததும், எங்கள் குடும்பமும் அண்டை வீட்டார் குடும்பங்கள் இரண்டுமாகப் பதினான்கு பேர் ஒரு வேனில் புறப்பட்டோம். புளியோதரை, தயிர்ச்சோறு, அவித்த முட்டை, வாழைப்பழச் சீப்பு என உணவு வகைகளுக்குக் குறைவில்லை. அவற்றையெல்லாம் பின்னிருக்கையில் வைத்த எங்கள் தாயார், செய்தித்தாளில் சுற்றிச் சணல் கயிற்றால் கட்டிய ஒரு சிறு பொட்டலத்தை மட்டும் தம் மடியைவிட்டு இறக்கவில்லை. ஓர் எட்டு முழ வேட்டியும் ஒரு துண்டும் அதில் இருந்தன. அப்பொட்டலத்தின் கதையை உரிய இடத்தில் சொல்வோம்.

பூண்டிக்குச் செல்லும் சாலை நம் திருமழிசையிலேயே தொடங்குகிறது எனலாம். பெங்களூர் நெடுஞ்சாலை ஒருபுறம் பிரிந்து செல்ல, மற்றொரு சாலை திருவள்ளூர் வழியாக ஊத்துக்கோட்டைக்குப் போகிறது. திருமழிசை ஆழ்வார் பிறந்த தொன்மையான ஊர் இது. இன்றோ ஆழ்வாரின் ஊர் என்பதைவிடத் தொழிற்பேட்டை என்றே பலரும் இதை அறிவர். 2020-இல் கொரோனாத் தொற்றினால் கோயம்பேடு சந்தை மூடப்பட்டபோது, மாநகருக்கே காய்கறி வழங்கிய தற்காலிகச் சந்தை இங்குதான் சில மாதங்கள் நடைபெற்றது. அந்நாட்களில் விடியற்காலை இரண்டு மணிக்கெல்லாம் லாரிகளின் ஓசையால் நாங்கள் விழித்துக்கொண்டதை மறக்க இயலாது.

வெள்ளவேடு, புதுச்சத்திரம், அரண்வாயல் எனச் சிற்றூர்கள் கடந்து சென்றன. சாலையின் இருமருங்கிலும் வயல்களைவிட வீட்டுமனைக் கற்களே மிகுதி. மணவாள நகரைத் தாண்டித் திருவள்ளூருக்குள் நுழையுமுன் ஓர் ஆற்றுப் பாலம் வருகிறது. “இது என்ன ஆறு?” என்று அண்டை வீட்டுச் சிறுமி கேட்டாள். “கூவம்” என்றோம். அவள் உடனே மூக்கைப் பொத்திக்கொண்டாள்! வேனில் இருந்த அனைவரும் சிரித்தோம். ஆயினும் பாலத்தின் கீழே ஓடியது நாணலும் நீர்ப்பூண்டும் அடர்ந்த ஒரு சாதாரண ஆறுதான். துர்நாற்றம் ஏதும் இல்லை.

கூவமும் கொசத்தலையும் உடன்பிறந்த ஆறுகள் என்பதை நம்முள் பலர் அறியார். அரக்கோணத்துக்கு அருகே கேசாவரம் என்னுமிடத்தில் உள்ள அணைக்கட்டிலிருந்து கொசத்தலையின் நீர் கூவத்துக்குப் பிரிகிறது. அங்கே ஒரே நீராக இருந்தது, பிரிந்த பின் இரண்டு வேறு வாழ்க்கை வாழ்கிறது. ஒன்று நகரத்தின் கழிவையெல்லாம் சுமந்து நேப்பியர் பாலத்தருகே கடல் சேர்கிறது. மற்றொன்று நகரத்தின் தாகத்தைத் தீர்த்துவிட்டு, எஞ்சியதை எண்ணூரில் கடலுக்குக் கொடுக்கிறது. ஆறுகளிடத்தில் வேற்றுமை இல்லை. நாம் எதை எதற்கு வைத்துக்கொண்டோம் என்பதில்தான் வேற்றுமை.

திருவள்ளூரில் தேநீர் அருந்திவிட்டு மேலும் 12 கிலோமீட்டர் அளவு சென்றால் பூண்டி. கரையின் மேலேறி நின்றதும், அதுவரை ஓயாது பேசிக்கொண்டிருந்த பிள்ளைகள் வாயடைத்து நின்றார்கள். கண்ணுக்கெட்டிய தூரம் நீர்! தொலைவில் நீலநிறக் குன்றுகள். நீர்க்காகங்கள் பட்டுப்போன மரக்கிளைகளில் சிறகை விரித்துக் காய வைத்துக்கொண்டிருந்தன. காற்று வீசும்போதெல்லாம் கரையின் கற்களில் சிற்றலைகள் மோதும் ஓசை கேட்டது. கடலைக் காணும் வாய்ப்பு அரிதாக உள்ள நமக்கு இதுவே கடல்.

இந்நீர்த்தேக்கத்துக்குச் சத்தியமூர்த்தி சாகர் என்பது பெயர். சென்னைக்கு 1872 முதல் புழல் ஏரியிலிருந்து குடிநீர் வந்துகொண்டிருந்தது. நகரம் வளர வளர அது போதாதாயிற்று. மாநகரின் மேயராக இருந்த தீரர் சத்தியமூர்த்தி, இரண்டாம் உலகப் போர் மூண்டிருந்த அந்த நெருக்கடியிலும் வெள்ளை அரசாங்கத்தோடு வாதாடிப் பூண்டித் திட்டத்துக்கு இசைவு பெற்றார். 1940-இல் ஆளுநர் சர் ஆர்தர் ஹோப் அடிக்கல் நாட்டினார். அணையோ 1944-இல்தான் நிறைவு பெற்றது. அதற்கு முந்தைய ஆண்டிலேயே, 1943 மார்ச் 28 அன்று, சிறைவாசத்தால் உடல் நலிந்த சத்தியமூர்த்தி காலமாகிவிட்டார். தாம் கேட்டு வாங்கிய தண்ணீரை அவர் ஒரு குவளைகூட அருந்தவில்லை.

இன்று இத்தேக்கத்தின் முழுக் கொள்ளளவு 3,231 மில்லியன் கன அடி. லிட்டரில் கூறினால் ஏறத்தாழ 9,150 கோடி. நகரி ஆறு கொசத்தலையோடு வந்து கலப்பதும் இப்பகுதியில்தான். வானம் பொய்த்தால் ஆந்திரத்தின் கண்டலேறு அணையிலிருந்து கிருஷ்ணா நதி நீர் கால்வாய் வழியே 152 கிலோமீட்டர் கடந்து ஊத்துக்கோட்டையருகே தமிழக எல்லையை அடைந்து, பின் பூண்டிக்கு வருகிறது. அதற்கான ஒப்பந்தம் 1983-இல் கையெழுத்தாயிற்று. நீர் முதன்முதலாக வந்தது 1996-இல். பூண்டியிலிருந்து ஆற்றின் வழியே விடப்படும் நீர் தாமரைப்பாக்கம் அணைக்கட்டில் திருப்பப்பட்டுச் சோழவரம், புழல் ஏரிகளுக்குச் செல்கிறது. மற்றொரு கால்வாய் நம் செம்பரம்பாக்கம் ஏரிக்கு நீர் கொண்டுவருகிறது. ஆகவே அன்று நாங்கள் 35 கிலோமீட்டர் பயணம் செய்து அடைந்தது, வீட்டுக்கு அருகிலுள்ள ஏரியின் மேல்வீட்டைத்தான்.

அணைக்காகச் சில ஊர்கள் இடம்பெயர்ந்தன. அவற்றோடு ஒரு கோயிலும் இடம்பெயர்ந்தது. திருவெண்பாக்கம் எனத் தேவாரத்தில் புகழ்பெற்ற பழைய சிவத்தலம் நீர்த்தேக்கத்தில் மூழ்கும் நிலை ஏற்படவே, பூண்டியில் புதிய ஆலயம் எழுப்பப்பட்டது. இங்குள்ள இறைவனுக்கு ஊன்றீசுவரர் என்பது பெயர். திருவொற்றியூரில் பார்வையிழந்த சுந்தரர் தட்டுத் தடுமாறி இவ்வூர் வந்தபோது அவருக்கு ஊன்றுகோல் கிடைத்த இடம் என்று சைவ அன்பர்கள் சொல்வார்கள். தண்ணீருக்காகத் தம் தெய்வத்தின் வீட்டையே பெயர்த்துக் கொடுத்த மக்கள் இவர்கள் என்பதை, குழாயைத் திறக்கும் நம்மில் எத்தனை பேர் எண்ணிப் பார்த்திருக்கிறோம்?

மனிதர் இவ்வாற்றை நாடி வந்தது நேற்று இன்று அல்ல. பூண்டியில் தொல்லியல் துறையார் வைத்துள்ள அருங்காட்சியகத்தில் கைக்கோடரி எனப்படும் பழைய கற்கருவிகளைக் கண்டோம். அருகிலுள்ள அதிரம்பாக்கத்தில் 1863-இல் ராபர்ட் புரூஸ் பூட் என்னும் நிலவியலார் தம் தோழர் வில்லியம் கிங்குடன் இத்தகைய கருவிகளைக் கண்டெடுத்தார். அங்கே பின்னாளில் நடந்த அகழாய்வைக் கொண்டு, மிகப் பழைய கருவிகளுக்கு ஏறத்தாழ 15 லட்சம் ஆண்டு வயது என 2011-இல் அறிவியலார் வெளியிட்டார்கள். பிள்ளைகளுக்கு இந்த எண் மனத்தில் பதியவில்லை. “அவர்களும் இந்தத் தண்ணீரைத்தான் குடித்தார்களா?” என்று மட்டும் கேட்டார்கள். ஆம் என்றோம்.

நண்பகலில் மரநிழலில் அமர்ந்து உணவருந்தினோம். ஞாயிறாதலால் கூட்டம் மிகுதி. எங்களுக்கு முன் வந்தவர்கள் விட்டுச்சென்ற பிளாஸ்டிக் தட்டுகளும் குவளைகளும் கால்வைக்க இடமின்றிக் கிடந்தன. உணவு முடிந்ததும் அண்டை வீட்டுப் பிள்ளைகள் பாத்திரங்களை எடுத்துக்கொண்டு ஏரியில் கழுவ இறங்கினார்கள். அப்போதுதான் எங்கள் தாயார் குரல் உயர்த்தினார்கள். “நில்லுங்கள்! யாரும் கரையை விட்டு இறங்கக் கூடாது!” அக்குரலைக் கேட்டுப் பக்கத்தில் அமர்ந்திருந்த குடும்பத்தார்கூடத் திடுக்கிட்டுத் திரும்பினார்கள்.

2018-ஆம் ஆண்டு காணும் பொங்கலன்று இதே கரைக்கு நாங்கள் வந்திருந்தோம். அப்போது எங்கள் தம்பியின் மகனுக்கு வயது பன்னிரண்டு. உண்டு முடித்தவன் கை கழுவுவதற்காகக் கற்களின் வழியே நீரருகே இறங்கினான். நாங்களும் பார்த்துக்கொண்டுதான் இருந்தோம். கை கழுவத்தானே போகிறான் என்று வாளாவிருந்துவிட்டோம். நீர் ஏறியிறங்கும் இடத்துக் கற்களில் பாசி படர்ந்திருக்கும் என்பதோ, கரை சரிந்தபடியே ஆழத்துக்குப் போகும் என்பதோ எங்களுக்குத் தோன்றவில்லை. அவன் கால் வழுக்கியது. ஓசை ஏதும் எழவில்லை. இருந்தவன் இல்லை, அவ்வளவுதான். எங்கள் தம்பி எழுந்து ஓடுவதற்குள், சற்றுத் தொலைவில் வலையைப் பழுது பார்த்துக்கொண்டிருந்த ஒரு மனிதர் நீரில் குதித்துவிட்டார். பையனின் தலைமயிரைப் பற்றி இழுத்து வந்து கரையில் கிடத்தினார். “கையலம்ப ஏரியா கேக்குது உங்களுக்கு? குழாய் அங்கே இருக்குதே!” என்று எங்களைக் கடிந்துகொண்டே அவனைக் கவிழ்த்து முதுகில் தட்டினார். அவருடைய இடக்கைச் சுண்டுவிரல் பாதியோடு நின்றிருந்தது. அந்தக் கை தம் பேரனின் முதுகில் விழுந்துகொண்டிருந்ததைத் தம் வாழ்நாளில் மறக்க மாட்டேன் என்பார்கள் எங்கள் தாயார்.

பையன் நீரைக் கக்கி அழத் தொடங்கியதும், அவனை வாரியெடுத்து வேனில் போட்டுக்கொண்டு மருத்துவமனைக்கு விரைந்தோம். பையன் பிழைத்தான். மாலையில் மனம் அமைதியுற்ற பின்னரே, அந்த மனிதரின் பெயரைக்கூட நாங்கள் கேட்கவில்லை என்பது உறைத்தது. நன்றி என்று ஒரு சொல்லும் சொல்லவில்லை. அவர் தலையைத் துவட்டிக்கொள்ளத் துண்டாவது கொடுத்தோமா? அதுவும் இல்லை. மறுவாரமே எங்கள் தாயார் கடைத்தெருவுக்குச் சென்று அந்த வேட்டியையும் துண்டையும் வாங்கி வந்தார்கள். போகலாம், போகலாம் என்று நாங்கள்தான் நாளைக் கடத்தினோம். கோடை வந்தது, திருமணங்கள் வந்தன, பின்னர் நோய்த்தொற்றும் ஊரடங்கும் வந்தன. பொட்டலம் பெட்டியிலேயே கிடந்தது. பையன் இப்போது கல்லூரி மாணவன். அன்று எங்களோடு வந்திருந்தான். ஆனால் தண்ணீர்ப் பக்கம் போகாமல் கரையின் மேலேயே நின்றுகொண்டிருந்தான்.

பிற்பகலில் அவனும் நாமும் எங்கள் தாயாரும் அந்த மனிதரைத் தேடிப் புறப்பட்டோம். வலையோடு இருந்த இளைஞர்களைக் கேட்டால், தாங்கள் புதியவர்கள் என்றார்கள். தேநீர்க் கடைக்காரர், “அந்தப் புளியமரத்தடியில் மீன் விற்கிற அம்மாவைக் கேளுங்கள், கரையில் அவருக்குத் தெரியாத ஆள் கிடையாது” என்று கைகாட்டினார். அந்த அம்மாள் கெண்டை மீனைச் செதில் சுரண்டிக்கொண்டே நாங்கள் சொன்னதைக் கேட்டார்.

“எந்த வருஷம், ஐயா?”

“2018. காணும் பொங்கல்.”

“புள்ளையைத் தூக்கினாரு, அப்படித்தானே? அவர் எத்தனையோ புள்ளைங்களைத் தூக்கியிருக்காரு. உயிரோடவும் தூக்கியிருக்காரு, இல்லாமலும் தூக்கியிருக்காரு. அதுல உங்க புள்ளை எதுன்னு நான் எப்படிச் சொல்ல?”

எங்கள் தாயார் தம் இடக்கைச் சுண்டுவிரலை மடக்கிக் காட்டினார்கள். அந்த அம்மாளின் முகம் மலர்ந்தது. “அவரேதான்!” என்று பெயரையும் சொன்னார். அந்தப் பெயரை இங்கே அச்சிட அவருடைய அனுமதி நமக்கு இல்லை, ஆகவே எழுதவில்லை. எங்கள் தாயார் மட்டும் அதை இரண்டு முறை வாய்விட்டுச் சொல்லிக்கொண்டார்கள்.

“அவர் இப்போது எங்கே இருக்கிறார், அம்மா?” என்று பையன் கேட்டான்.

“ஏரி வத்தின வருஷம் போனவருதான், தம்பி.”

2019-ஐத்தான் அவர் குறிப்பிட்டார். அவ்வாண்டுக் கோடையில் சென்னைக்கு நீர் தரும் நான்கு ஏரிகளும் ஏறத்தாழ முற்றிலும் வறண்டன. ஜூலை மாதத்தில் ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் வந்தது நினைவிருக்கும். ஐம்பது பெட்டிகள், 25 லட்சம் லிட்டர். திருவள்ளூர், ஆவடி, அம்பத்தூர் நிலையங்களைக் கடந்துதான் அது வில்லிவாக்கம் சென்றது. தண்டவாளத்தின் ஓரம் நின்று மக்கள் அதைத் தேர்போல வேடிக்கை பார்த்தார்கள். நிறைந்த பூண்டி ஏரியின் நீரைக் கொண்டுவர அத்தகைய ரயில்கள் 36,000-க்கு மேல் வேண்டும் என்று அன்று மாலை கணக்குப் போட்டுப் பார்த்தோம். குடத்தோடு லாரிக்குக் காத்து நின்ற அந்த நாட்களை நாம் தண்ணீர்ப் பஞ்சம் என்று பேசினோம். ஏரியில் மீன் பிடித்துப் பிழைத்தவர் என்ன ஆனார் என்று ஒருவரும் கேட்கவில்லை.

“மீனெல்லாம் சேத்துல செத்து மிதந்துச்சு. நாத்தம் தாங்கலை. வலையை வந்த விலைக்கு வித்தாரு. மறுபடி தண்ணி வந்துச்சு. 2021-ல வந்த வெள்ளம் இருக்குதே, அம்மாடி! அப்பவும் அவர் திரும்பலை. கம்பெனி வேலையில மாசமானா சம்பளம், ஏரியை நம்பி யார் இருக்கிறதுன்னுட்டாரு.”

அவ்வெள்ளமும் நினைவிருக்கத்தக்கதே. 2021 நவம்பரில் பூண்டியிலிருந்து பெருமளவில் நீர் திறந்துவிடப்பட்டபோது, சற்றுக் கீழேயுள்ள ஒதப்பைத் தரைப்பாலம் மூழ்கி ஊத்துக்கோட்டைச் சாலையில் போக்குவரத்து நின்றது. ஆறு கடல் சேரும் பக்கத்தில் மணலி புதுநகர் வீடுகளில் வெள்ளம் புகுந்தது. மூன்றே ஆண்டுகளுக்குள் அதே ஏரி, சேறாகவும் வெள்ளமாகவும்!

“எந்தக் கம்பெனி, அம்மா? எந்த ஊரில்?” என்றோம்.

“மெட்ராஸ் போற வழியிலே. திருமழிசையாம். வாட்ச்மேன் வேலை.”

நாங்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். எங்கள் வீட்டிலிருந்து தொழிற்பேட்டைக்கு நடந்தே போகலாம். இத்தனை ஆண்டுகளாக எந்தக் காய்கறிக் கடையில், எந்தப் பேருந்து நிறுத்தத்தில் அவரை உரசிக்கொண்டு சென்றோமோ! கம்பெனியின் பெயர் அந்த அம்மாளுக்குத் தெரியவில்லை. பெயர்ப்பலகை நீலநிறம் என்று அவர் ஒருமுறை சொன்னதாக மட்டும் நினைவு. எங்கள் தாயார் ஒரு கிலோ கெண்டை வாங்கிக்கொண்டு, மீதிச் சில்லறையை வாங்க மறுத்துவிட்டார்கள்.

கரையை விட்டுப் புறப்படுமுன் பிள்ளைகள் தாமாகவே ஒரு சாக்குப்பையில் எங்கள் தட்டுகளையும், எங்களுடையவை அல்லாத சிலவற்றையும் பொறுக்கிப் போட்டார்கள். யார் சொன்னது என்று தெரியவில்லை. சூரியன் ஏரிக்குள் இறங்கும் வேளை. நீர் முழுவதும் செம்பொன்னாக மின்னியது. பையன் ஒருமுறை கற்சரிவின் விளிம்புவரை வந்து நின்று பார்த்துவிட்டுத் திரும்பினான்.

திருவள்ளூரில் வண்டிகளின் நெரிசலில் சிக்கி, திருமழிசையை அடைந்தபோது இரவு மணி எட்டாகிவிட்டது. தொழிற்பேட்டை வளைவருகே எங்கள் தாயார் வேனை நிறுத்தச் சொன்னார்கள். உள்ளே நேர்த் தெருவில் இருபுறமும் மதில்கள், இரும்பு வாயில்கள், ஒவ்வொரு வாயிலிலும் ஒரு விளக்கு, விளக்கின் கீழ் ஒரு நாற்காலி. முதல் வாயிலில் இருந்த காவலரிடம் பெயரைச் சொல்லிக் கேட்டோம். “எந்தக் கம்பெனி?” என்றார். தெரியவில்லை என்றோம். “இங்கே எத்தனை கேட் இருக்கிறது தெரியுமா, ஐயா?” என்று சிரித்தார். நீலநிறப் பலகை என்றோம். அவர் தம் தலைக்கு மேலே காட்டினார், அதுவும் நீலம். எதிரே இருந்ததும் நீலம்.

“நாளைக்குக் கல்லூரி விட்டதும் நான் சைக்கிளில் வந்து இந்த முனையிலிருந்து ஒவ்வொரு கேட்டாகக் கேட்டுக்கொண்டு போகிறேன், பாட்டி” என்றான் பையன். எங்கள் தாயார் பொட்டலத்தை அவன் கையில் கொடுத்தார்கள். பிறகு, செய்தித்தாள் ஓரத்தில் கிழிந்திருப்பதைக் கண்டு, வீட்டில் வேறு தாள் சுற்றித் தருவதாகச் சொல்லித் திரும்ப வாங்கிக்கொண்டார்கள்.